பிள்ளையின் போன்: ஒளிந்து பார்ப்பதா, உட்கார்ந்து பார்ப்பதா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு முடிந்து நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, பொண்ணுக்குப் போன் வாங்கிக் குடுத்துட்டோம். பன்னெண்டு வயசுதான் ஆகுது. அவ என்ன பாக்குறா, யாரோட பேசுறான்னு நம்ம போன்லயே தெரியுற மாதிரி ஒரு ஆப் இருக்காமே. அவளுக்குத் தெரியாம போட்டுடலாமா?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. என் மூத்த மகள் விஷயத்தில் நான் பட்டது அவருக்குத் தெரியாது. "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவருக்கும், அவரைப் போல இந்த ஊரில் தவித்துக்கொண்டிருக்கிற மற்ற அம்மா அப்பாக்களுக்கும் நான் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

இதைப் பற்றி மற்ற நாட்டுத் தமிழர்கள் எழுதியதைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறேன். சென்னையானாலும் சிங்கப்பூரானாலும் பேச்சு இரண்டு பேருக்கு நடுவில்தான்: பெற்றவருக்குப் பயம், பிள்ளைக்கு அந்தரங்கம். மியான்மரில், எங்கள் யாங்கோனில், மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி ஏறி, போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கக்கூடிய சீருடைக்காரர். 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டதிலிருந்து ஊரே விபிஎன் வழியாக, அதாவது தடையைச் சுற்றிப் போக உதவும் ஆப் வழியாகத்தான் உள்ளே போகிறது. 2024-ன் நடுவில் விபிஎன்களையும் அடைக்கத் தொடங்கினார்கள். தெருவில் போனை வாங்கி விபிஎன் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதையொட்டி அதிகமானது. 2025 ஜனவரி 1-ல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவோருக்குச் சிறையும் அபராதமும் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதியதற்கும் பகிர்ந்ததற்கும் கைதானவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அதனால் எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இப்படிப் பார்த்தால், பார்த்ததற்கு இன்னொரு நகல் எங்காவது உட்கார்ந்துகொள்ளுமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கல்யாணமான காலத்தில் ஒரு சிம் கார்டு என்பது பணக்காரர் வீட்டுச் சாமான். 2014-ல் ஊரிடூ, டெலினார் என்ற வெளிநாட்டுப் போன் நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்குச் சிம் விற்றபோதுதான் எங்கள் மாதிரி வீடுகளுக்குப் போன் வந்தது. கணினியைத் தொடாமல், மின்னஞ்சல் என்றால் என்னவென்று தெரியாமல் நேரே ஃபேஸ்புக்கில் போய் விழுந்தவர்கள் நாங்கள். நம்மிடம் பழக்கமும் இல்லை, முன்மாதிரியும் இல்லை. பிள்ளை நம்மைவிட நன்றாகப் போன் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆளை எடைபோட அதற்கு இன்னும் தெரியாது.

ஒன்றும் பார்க்காமல் நம்பி விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு அது ஆகாது. இங்கே பிள்ளைகள் அந்நியரைச் சந்திக்கிற இடம் பெரும்பாலும் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டு. 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டு பர்மீஸ் கூல்ஸ் அணி இறுதி ஆட்டம் வரை போய் இரண்டாம் இடம் பிடித்த பிறகு, அதை ஆடாத பையனே தெருவில் இல்லை என்று ஆகிவிட்டது. விளையாட்டில் தப்பில்லை. ஐந்து பேர் அணியில் நான்கு பேர் யார் என்று தெரியாதே, அதுதான் விஷயம். அங்கே பழகி, டெலிகிராமுக்குக் கூட்டிப்போய், ஒரு படம் வாங்கிக்கொண்டு, "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் அம்மாவுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து என்று நினைக்காதீர்கள். பணம் பறிக்கிற இந்த மிரட்டலில் அதிகம் சிக்குவது பதினான்கிலிருந்து பதினேழு வயதுப் பையன்கள். கொஞ்சம் பெரியவர்களுக்கு வேறு வலை காத்திருக்கிறது: தாய்லாந்தில் வேலை, கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அன்றிலிருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்ற தவிப்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தத் தவிப்பைக் குறிவைத்து வருகிற விளம்பரத்தை நம்பிப் போய், தாய்லாந்து எல்லையோரம் மியாவடிப் பக்கம் இணைய மோசடி நடத்தும் கூடாரங்களில் அடைபட்டவர்கள் உண்டு. இத்தனையும் தெரிந்த பிறகு "என் பிள்ளையை நம்புகிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

அந்தப் பயத்தில்தான் நான் ஒளிந்து பார்க்கப் போனேன்.

2022-ல் மூத்தவளுக்குப் பதினான்கு வயது. ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். போன் கடை ஒன்றில் கேட்டேன். கடைக்காரத் தம்பி, அவள் டியூஷனுக்குப் போட்டுவிட்டுப் போயிருந்த போனை அரை மணி நேரம் வைத்திருந்து ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். அது கூகுள் பிளேயில் கிடைக்கிற ஆப் இல்லை. வெளியிலிருந்து இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன்னால் போனில் இருக்கிற கூகுளின் பாதுகாப்புச் சோதனையை அணைக்க வேண்டும். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று கேட்டுப் போனவள், வாசல் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னபோது அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

நான்காம் நாள் அவள் பர்மிய மொழியில் அனுப்பிய செய்தி ஒன்று என் போனில் வந்தது. "கோ, இன்னிக்கு ராத்திரி வர முடியாது, அம்மா முழிச்சிருக்காங்க." பர்மியம் தெரிந்தவர்களுக்கு அந்தக் "கோ" என்ன பாடு படுத்தும் என்று புரியும். அண்ணனும் கோதான், தெருவில் போகிற மூத்த பையனும் கோதான், காதலனும் கோதான், கட்டின புருஷனும் கோதான். என் தலையில் எந்த அர்த்தம் ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் தம்பி உட்கார்ந்திருக்கும்போதே அவளை நிற்க வைத்துக் கேட்டேன். அவள் அழவில்லை. போனைத் திறந்து அந்த விளையாட்டைக் காட்டினாள். "கோ" என்பது அவள் தோழியின் அண்ணன், அணித் தலைவன். "வர முடியாது" என்றால் ஆட்டத்துக்கு வர முடியாது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் கோக்கு எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வைத்த ஆப்பை எடுக்க எனக்கு மனம் வரவில்லை; எடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மோல்மேனில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். வெளியூர் போகும்போது இங்கே எல்லோரும் செய்வதுபோல, அவளும் முந்தின ராத்திரி போனைத் துடைத்தாள். தோழி அனுப்பிய படங்கள், யாரோ எழுதிய நாலு வரிக் கவிதை, விபிஎன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு "பாருங்கம்மா, சுத்தமா இருக்கு" என்று காட்டினாள். வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இளைஞர்களின் போனைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். என்னைக் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு போனை எடுத்தேன். அவள் அழித்த படங்கள், அந்தக் கவிதை, தோழியின் பெயர் எல்லாம் வரிசையாக என் ஆப்பில் இருந்தன. அவள் துடைத்துப் போட்டதை முழுக்க நான் என் கைப்பையில் சுமந்துகொண்டு அந்தச் சோதனையைத் தாண்டி வந்திருக்கிறேன். அந்தச் செய்திகளில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த மாதிரி ஆப்பெல்லாம் வேலை செய்கிற விதமே அதுதான். பிள்ளையின் போனிலிருந்து ஒவ்வொரு செய்தியையும் நகல் எடுத்து, எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து நமக்குக் காட்டுகிறது. அந்தச் சர்வர்களின் பூட்டு பலமுறை உடைந்திருக்கிறது. எம்ஸ்பை என்ற பெயர்பெற்ற உளவு ஆப்பிலிருந்து 2015, 2018, 2024 என்று மூன்று தடவை தகவல் கசிந்து செய்தியானது. வேறு ஊரில் அது வெட்கக்கேடு. இங்கே அது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடலாம்.

பயனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ஆபத்தான சொல் வந்தால் எச்சரிப்போம் என்று அந்த ஆப் சொன்னது. அதற்குத் தெரிந்தது ஆங்கிலம். என் பிள்ளைகள் பர்மியத்தைப் பர்மிய எழுத்தில் எழுதுவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், நடுவில் விளையாட்டுக் குழூஉக்குறி வேறு. என் வீட்டில் அந்த எச்சரிக்கை மணி ஒருநாளும் அடிக்கவில்லை. உண்மையாக அடிக்க வேண்டிய நாளில் அடிக்க ஆளும் இல்லை: மகள் எனக்குத் தெரியாத இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துகொண்டாள். அடுத்த வருஷம், யாரோ ஒருவன் அவள் முகத்தை வேறு படத்தில் ஒட்டி மிரட்டியபோது, அவள் போய்ச் சொன்னது தோழியின் அம்மாவிடம். அந்த அம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தார். நான் பட்டதில் பெரியது இதுதான்.

(அந்த அம்மா செய்ததை யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். பணம் அனுப்பவில்லை, பதில் எழுதவில்லை. மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கைப் புகார் செய்து அடைத்தார். 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையில் அந்தப் படத்தைப் பதிந்தார். காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் 2023-ல் தொடங்கியது அது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் எடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள். அந்தப் படம் அங்கே ஏறினால் அடையாளம் கண்டு நீக்க அது உதவும். பதினெட்டு வயதுக்குள் எடுத்த படத்துக்குத்தான் இது.)

உரிமை என்று பார்த்தாலும் ஒளிந்து பார்ப்பது நிற்காது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் மியான்மர் 1991-ல் சேர்ந்தது. அதன் 16-வது பிரிவு பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. அந்த உடன்படிக்கையை விளக்கி 2021-ல் வந்த 25-வது பொதுக் கருத்துரை, பெற்றோர் கண்காணிப்பது அளவாகவும் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கண்காணிக்கும் தொழில்நுட்பத்தைக் கவனமில்லாமல் போட்டால், பிள்ளை உதவி கேட்டுப் போவதையே அது தடுத்துவிடலாம் என்றும் எச்சரிக்கிறது. படித்தபோது என் வீட்டை யாரோ வந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

அடுத்தது, வடிகட்டியும் நேரக் கட்டுப்பாடும். வெளிப்படையாகப் போடுவதால் இதில் துரோகம் இல்லை, நகலும் பெரும்பாலும் இல்லை. ஐபோனில் 2018 முதல் ஸ்கிரீன் டைம் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேரம் வைக்கலாம். வீட்டு வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில், கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் குடும்பங்களுக்காகத் தரும் 1.1.1.3 என்ற முகவரியைப் போட்டால் ஆபாசத் தளங்கள் திறக்காது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு ஓட்டை உண்டு. வீட்டு வைஃபை வழியாகப் போன் எந்தத் தளத்தைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் அந்த வடிகட்டி தடுக்கும். பிள்ளை விபிஎன் போட்டவுடனே எல்லாமே பூட்டிய குழாய்க்குள் போய்விடும். ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. விபிஎன் இல்லாமல் ஃபேஸ்புக் இல்லை, ஆகவே எந்நேரமும் விபிஎன். போதாததற்கு மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும், பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். "மீ லாபீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று தெருவே கத்துகிற வரைக்கும் அந்த வடிகட்டிக்கு வேலையே இல்லை. சின்னப் பிள்ளைக்குப் போடுங்கள், தப்பில்லை. அதை நம்பித் தூங்காதீர்கள்.

இதைவிட முக்கியமாக யாரும் கவனிக்காத ஒன்று, பிறந்த வருஷம். இங்கே போன் வாங்கினால் கடைக்காரரே ஜிமெயில், ஃபேஸ்புக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவார். வேலை சீக்கிரம் முடிய ஏதோ ஒரு வருஷத்தைப் போடுவார். என் சின்னவனின் கணக்கில் 1990 என்று இருந்தது! இன்ஸ்டாகிராம் 2024-ல் பதின்வயதினருக்குத் தனிக் கணக்கு முறை கொண்டுவந்தது; தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, பிள்ளை சேர்த்துக்கொண்டவர் மட்டும் பார்க்கும்படி கணக்கு தானாகவே பூட்டியிருக்கும். டிக்டாக்கில் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு மணி நேரத்தில் நினைவூட்டும். முப்பது வயதுக்காரர் என்று கணக்குச் சொன்னால் இதில் ஒன்றுகூடப் பிள்ளைக்குக் கிடைக்காது. கடைக்காரருக்குப் பாஸ்வேர்டும் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

இருக்கிற இடத்தைக் காட்டும் ஆப் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். லைஃப்360 என்ற குடும்ப ஆப் கோடிக்கணக்கானவர்களின் இருப்பிடத் தகவலைத் தரவு வியாபாரிகளுக்கு விற்றது 2021-ல் அம்பலமானது. டியூஷன் விட்டு இருட்டில் வருகிற நாளில் கூகுள் மேப்பில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பகிரச் சொல்லுங்கள், போதும்.

போனே கொடுக்காமல் தள்ளிப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குள் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம். அங்கே சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருப்பதால் ஒரு பிள்ளை மட்டும் தனியாகிவிடாது. இங்கே டியூஷன் நேரம் மாறியதும், தெருவில் ஏதாவது பிரச்சினை என்றதும் வருவது போனில்தான். பத்து வயது வரை பட்டன் போன் போதும் என்பேன். பன்னிரண்டில் வாங்கிக் கொடுத்தாகிவிட்ட பிறகு பிடுங்குவது சரியாக வராது.

மிச்சம் இருப்பது உட்கார்ந்து பார்ப்பது. என் சின்னவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. மூத்தவளிடம் தவறியதை அவனிடம் செய்யக் கூடாது என்று வைத்துக்கொண்ட வழி இது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மின்சாரம் இல்லாவிட்டால் பேட்டரி விளக்கடியில், பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். போன் அவன் கையில் இருக்கும். என் கைக்கு வராது. அவன் திறப்பான், அவன் தள்ளுவான், நான் கேட்பேன். புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள்? அவனுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர், விளையாட்டில் மூன்றாவது பெயர். "இந்த ஆளுக்கு உன்னோட எந்தப் பேர் தெரியும்?" என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியில் எவ்வளவோ தெரிந்துவிடும். விளையாட்டுப் பெயர் மட்டும் தெரிந்தவனிடம் பயமில்லை. தமிழ்ப் பெயர் வரைக்கும் தெரிந்த அந்நியன் இருந்தால் பேச வேண்டியிருக்கும். தோழர்களோடு பேசியதை வரி வரியாகப் படிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் ஒரு குழுவை வேகமாகத் தள்ளிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கும்போது அவனே, "அதுல ஒருத்தன் கெட்ட வீடியோ போடுறாம்மா, வெளிய வந்தா கிண்டல் பண்ணுவாங்க" என்றான். வெளியே வராமலே சத்தத்தை அணைத்து, தானாக இறங்குகிற வீடியோவை நிறுத்தலாம் என்று அவன் அக்காதான் செய்து காட்டினாள்.

இதிலும் குறை உண்டு. பிள்ளை மறைக்க நினைத்தால் மறைக்கலாம். நேரம் பிடிக்கும். ராத்திரி ஷிப்டுக்குப் போகிற அப்பா அம்மாவுக்குச் சனிக்கிழமை வாய்க்காது; ஞாயிறு காலை டீ குடிக்கும்போது பத்து நிமிஷம் போதும். ஆனால் நகல் எங்கேயும் இல்லை. வெளியூர் போகும் முன் துடைக்க வேண்டியதையும் அதே பாயில் சேர்ந்து துடைக்கிறோம். எதை வைக்கக் கூடாது, ஏன் கூடாது என்று அவனே கற்றுக்கொள்கிறான். பதினாறு ஆனதும் இந்தச் சனிக்கிழமையை நிறுத்திவிடுவேன். மூத்தவளிடம் இப்போது பயணத்துக்கு முன்னால் மட்டும் கேட்கிறேன், வேலை விளம்பரம் ஏதாவது வந்தால் பதில் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்காமல் பார்க்கலாமா என்றால், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பார்க்கலாம். சாவைப் பற்றிப் பேசுகிறாள், சாப்பாடு இறங்கவில்லை, கையில் திடீரென்று பணம் புரள்கிறது, எல்லைப் பக்கம் போகப் பை கட்டுகிறான் என்றால் போனைத் திறந்து பாருங்கள். திறந்ததை அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே தங்கச்சி, அந்த ஆப்பைப் போடாதீங்க. வர்ற ஞாயிறு பொண்ணையும் போனையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டு வாங்க. வகுப்பு முடிஞ்சதும் உக்காருவோம். பிறந்த வருஷம் என்னன்னு போட்டிருக்குன்னு அவளே பாக்கட்டும், கடைக்காரர் வச்ச பாஸ்வேர்டை அவளே மாத்தட்டும். நாம பக்கத்துல இருப்போம். சார்ஜரை மட்டும் இன்னிக்கே அவ படுக்கிற இடத்துல இருந்து எடுத்துடுங்க. எங்க வீட்டுல அது அரிசி டின் மேல இருக்கு, என் போனும் ராத்திரி அங்கதான் கிடக்குது.